கிராமமும் மோபெட்டும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விதை, உரம், பாசனம் முதலியவற்றைப் பற்றிப் பலரும் பேசக் கேட்டிருப்பீர்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, உங்கள் வீட்டுத் திண்ணை ஓரத்தில் நிற்கும் மோபெட்டைப் பற்றி. இதற்கும் ஒரு சொற்பொழிவா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், மண்வெட்டிக்கு அடுத்தபடியாகச் சிறு விவசாயியின் கை மிகுதியும் படுகின்ற சாதனம் இன்று அதுவாகவே இருக்கக் காண்கிறோம். விடியற்காலையில் பால் கேனைச் சங்கத்துக்குக் கொண்டு செல்வதும், பகலில் தீவனப் புல் கட்டை வயலிலிருந்து ஏற்றி வருவதும், மாலையில் காய்கறி மூட்டையைச் சந்தைக்குச் சேர்ப்பதும் அந்த ஒரே வண்டிதான். இவ்வளவு உழைக்கும் வண்டியைப் பற்றி, "அது என்ன, சைக்கிள் மாதிரிதானே!" என்னும் எண்ணமே ஊரில் பரவலாக இருந்து வருகிறது. இந்த எண்ணந்தான் நமக்குக் கவலை அளிக்கிறது. சைக்கிள் என்று கருதி ஓட்டப்படும் மோபெட், விபத்து நேர்ந்த அன்று சட்டத்தின் முன் முழு மோட்டார் வாகனமாக நிற்கும். அப்போது ஏற்படும் கடன், சில வேளைகளில் குடும்பத்தின் நிலத்தையே விற்றுத் தீர்க்க வேண்டிய கடனாக முடியும்.

அது ஏன் சைக்கிள் என்று கருதப்பட்டது என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. மோபெட் என்னும் சொல் 1952-இல் ஸ்வீடன் நாட்டில் பிறந்தது. ஹரால்ட் நீல்சன் என்னும் பத்திரிகையாளர், மோட்டார், பெடல் என்னும் இரு சொற்களின் முற்பகுதிகளை இணைத்து அதனை உண்டாக்கினார். பெயருக்கேற்ப, அந்நாளைய மோபெட்டில் இஞ்சினும் இருந்தது. காலால் மிதிக்கும் பெடலும் இருந்தது. பிரான்சில் 1946 முதல் விற்பனையான வெலோசொலெக்ஸ், சைக்கிளின் முன்சக்கரத்துக்கு மேலே ஒரு சிறு இஞ்சினை வைத்து, ஓர் உருளையை டயரின் மீது அழுத்தி ஓட்டிய வண்டியாகும். ஜெர்மனியில் 1953-இல் வெளிவந்த என்.எஸ்.யு. குவிக்லி, சற்று உறுதியான உடலோடு பல லட்சம் பேரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பெடலை மிதித்து இஞ்சினைக் கிளப்புவதும், மேட்டில் இஞ்சின் திணறும்போது காலாலும் உதவி செய்வதும் அக்காலத்து வழக்கம். போரினால் நலிந்திருந்த ஐரோப்பாவில், சைக்கிளுக்கு மேல் ஒரு படி ஏற விரும்பிய தொழிலாளிக்கு அது பெரிய வரப்பிரசாதமாக அமைந்தது.

நம் நாட்டில் 1972-இல் கைனடிக் நிறுவனத்தின் லூனா வந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்தை மாற்றிய வண்டி என்று சொல்லத்தக்கது, 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 ஆகும். இருவர் அமர்ந்து செல்லத்தக்க மோபெட்டாக அது அமைந்தது. "டி.வி.எஸ். பிப்டி" என்னும் பெயர், எந்த நிறுவனத்தின் மோபெட்டையும் குறிக்கும் பொதுப்பெயராகவே நம் மக்களின் வாயில் வழங்கலாயிற்று. இன்றும் முதியவர்கள் அப்படியே சொல்லக் கேட்கிறோம். ஆனால் இன்று அவர்கள் வீட்டில் நிற்பது பிப்டி அன்று. 50 கன சென்டிமீட்டராக இருந்த இஞ்சின் பின்னர் 70 ஆயிற்று. 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 வண்டியில் 99.7 கன சென்டிமீட்டராக வளர்ந்துவிட்டது. பெடலும் மறைந்துவிட்டது. பெயரிலுள்ள பாதி வண்டியில் இல்லாமற் போன பிறகும், வண்டியை மோபெட் என்றே அழைத்து வருகிறோம்.

அப்படியானால் மோபெட்டை மற்றச் சிறு வண்டிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது எது? பெடலும் இல்லை, இஞ்சின் அளவும் நூறு சி.சி. மோட்டார் சைக்கிளோடு ஒத்துவிட்டது. விடை கியரிலும் வண்டியின் சட்டகத்திலும் இருக்கிறது.

மோபெட்டில் இருப்பது ஒரே கியர். மோட்டார் சைக்கிளில் நான்கு கியர்கள் உண்டு. அவற்றைக் காலால் மாற்றுகிறோம். கியர் இல்லாத ஸ்கூட்டர் என்று நாம் சொல்லும் வண்டியில், உண்மையில் ஒரு ரப்பர் பெல்ட்டும் விரிந்து சுருங்கும் கப்பிகளும் இருந்து, வேகத்துக்குத் தக்கபடி கியர் மாற்றும் வேலையைத் தாமே செய்துகொள்கின்றன. மோபெட்டில் இவை எவையும் இல்லை. நின்ற இடத்திலிருந்து மூட்டையோடு புறப்படுவதற்கும், சாலையில் விரைந்து போவதற்கும் அந்த ஒரே கியர்தான். மாட்டு வண்டிக்கு ஒரே மாட்டைப் பூட்டி, உழவுக்கும் பந்தயத்துக்கும் அதையே அனுப்புவது போன்றது இது. இரண்டிலும் ஒரு மாடு சிறந்து விளங்க முடியாதல்லவா? ஆகையால், மோபெட்டைச் செய்தவர்கள் பந்தயத்தைக் கைவிட்டு உழவைத் தேர்ந்துகொண்டார்கள். எக்ஸ்.எல். 100 இஞ்சினின் திறன் சுமார் 4.3 குதிரைத்திறன், ஏறத்தாழ அதே அளவுள்ள இஞ்சினைக் கொண்ட நூறு சி.சி. மோட்டார் சைக்கிளின் திறனோ சுமார் 8 குதிரைத்திறன். பாதிதான் இருக்கிறதே என்று குறைவாக எண்ண வேண்டாம். மோபெட் இஞ்சின் நிமிடத்துக்கு 3,500 சுற்றுகள் என்னும் தணிந்த வேகத்திலேயே தன் முழு இழுவிசையையும் தந்துவிடுகிறது. மோட்டார் சைக்கிளின் இஞ்சின் அந்த நிலையை எட்ட மேலும் பல ஆயிரம் சுற்றுகள் சுழல வேண்டும். வரப்பு ஓரத்தில் மூட்டையோடு மெதுவாகச் செல்பவருக்கு வேண்டியது தணிந்த வேகத்து இழுவைதான். நெடுஞ்சாலையில் பேருந்தைத் தாண்டிச் செல்ல விரும்புபவருக்கு அது பயன்படாது. தாண்ட முயலவும் கூடாது. மோபெட்டைக் கொண்டு நெடுஞ்சாலையில் முந்த முயல்வது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும்.

சட்டகத்தைப் பார்ப்போம். மோட்டார் சைக்கிளில் இரு முழங்கால்களுக்கும் நடுவே பெட்ரோல் தொட்டி இருக்கிறது. மோபெட்டில் அந்த இடம் வெறுமையாகவும் தாழ்வாகவும் விடப்பட்டுள்ளது. வேட்டியோ சேலையோ உடுத்தியவர் காலைத் தூக்கிப் போடாமல் ஏறி அமரலாம். அதே இடத்தில் ஒரு மூட்டையையும் நிறுத்தி வைக்கலாம். ஸ்கூட்டரிலும் கால்வைக்கும் பலகை உண்டு என்பீர்கள். உண்டு, ஆனால் ஸ்கூட்டரின் சக்கரம் 10 அல்லது 12 அங்குலம். மோபெட்டின் சக்கரமோ 16 அங்குலம். வண்டித்தடம் பதிந்த களிமண் பாதையில் சிறிய சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றுவிடும். பெரிய சக்கரம் அதே பள்ளத்தின் மேல் உருண்டு போய்விடும். பின் இருக்கையைக் கழற்றினால் அங்கேயும் சுமை வைக்கலாம். சந்தைக்குச் செல்லும் வியாபாரி, கூடை வைத்து மீன் விற்பவர், பாத்திரம் விற்பவர் ஆகியோர் மோபெட்டை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம்.

சுமையைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எக்ஸ்.எல். 100 தாங்கும் சுமை 130 கிலோ அளவில் உற்பத்தியாளரால் குறிக்கப்பட்டுள்ளது. இந்த 130 கிலோவில் ஓட்டுபவரின் எடையும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஓட்டுபவர் 65 கிலோ என்றால், மீதி 65 கிலோதான் சரக்குக்கு உரியது. இன்றைய யூரியா மூட்டை 45 கிலோ. ஒரு மூட்டையோடு 110 கிலோ ஆகிறது, தாராளமாகப் போகலாம். இரண்டு மூட்டை என்றால் 155. நாற்பது லிட்டர் பால் நிரம்பிய கேன், கேனின் எடையையும் சேர்த்து 50 கிலோவுக்குக் குறையாது. இரு புறமும் இரு கேன்களைத் தொங்கவிட்டு 65 கிலோ மனிதர் ஓட்டினால் 165 கிலோ. பின்னால் மனைவியையும் முன்னால் ஒரு சிமென்ட் மூட்டையையும் ஏற்றிச் செல்லும் நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

"அண்ணே, பத்து வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறேன், வண்டி இழுக்கத்தானே செய்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. இழுக்கும்; அதை நாமும் மறுக்கவில்லை. மோபெட்டின் சாமர்த்தியம் இழுப்பதில்தான் இருக்கிறது. நிறுத்துவதில் அதற்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. அதன் இரு சக்கரங்களிலும் இருப்பவை சிறிய டிரம் பிரேக்குகள். 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் மற்றச் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அது நல்ல ஏற்பாடே. எனினும் குறித்த எடைக்கு மேல் ஏற்றப்பட்ட வண்டி, குறித்த தூரத்துக்குள் நிற்கும் என்று எந்த அமைப்பும் உறுதி கூற இயலாது. பின்னால் உயரமாகச் சுமை கட்டினால் முன்சக்கரம் இலேசாகி, கைப்பிடி சொன்னபடி கேட்காது. பாதி நிரம்பிய பால் கேன் முழுக்கேனை விடத் தொல்லை. திருப்பத்தில் பால் ஒருபுறம் சாயும்போது வண்டியையும் சேர்த்துச் சாய்க்கும். கனமான பொருளைக் கால் வைக்கும் இடத்தில் தாழ்வாக வைப்பதும், இலேசானதை மட்டும் பின்னால் கட்டுவதும் உத்தமம்.

மலைப்பகுதியிலிருந்து வந்துள்ள அன்பர்கள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். மோபெட்டின் கிளட்ச், இஞ்சின் சுழலும் வேகத்தினால் தானே விரிந்து பிடிப்பது. சுற்று வேகம் தணிந்தால் பிடி தளர்ந்துவிடும். அதிக சுமையோடு மேடேறும்போது இஞ்சின் திணறி, கிளட்ச் வழுக்கிச் சூடேறி, விரைவில் தேய்ந்து போகிறது. அது செலவோடு போயிற்று. இறங்கும்போதுதான் உயிருக்கு ஆபத்து. மோட்டார் சைக்கிளில் இரண்டாவது கியரைப் போட்டுக்கொண்டால் இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தி இறக்கும். மோபெட்டில் இறக்குவதற்குக் கீழ்க் கியர் என்பது கிடையாது. முழுப் பொறுப்பும் அந்தச் சிறு பிரேக்குகளின் மேல் விழுகிறது. கொல்லிமலைச் சாலையிலுள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் தொடர்ந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால், டிரம் சூடேறி, பிடிமானம் குறைந்துகொண்டே வரும். மிளகு மூட்டையோடோ பலாப்பழத்தோடோ இறங்குபவர் இடையிடையே வண்டியை நிறுத்திப் பிரேக்கை ஆறவிட்டு இறங்குவது அவசியம். மலை ஏறி இறங்குவதே அன்றாட வேலையாக உள்ளவருக்கு மோபெட்டை விடக் கியர் உள்ள மோட்டார் சைக்கிளே ஏற்றது என்பது நமது கருத்து.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய டூ ஸ்டிரோக் மோபெட்டுகளில் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றி வந்தோம். இஞ்சினுக்குத் தனியே எண்ணெய் மாற்றும் வேலை இல்லை. புகை மட்டும் ஊரெல்லாம் பரவியது. 2017-இல் புகைக்கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாக்கப்பட்டதை ஒட்டி டூ ஸ்டிரோக் மோபெட்டுகள் விற்பனையிலிருந்து நீங்கின. இப்போதுள்ள போர் ஸ்டிரோக் இஞ்சினில் பெட்ரோலோடு எண்ணெய் கலக்கக் கூடாது. ஆனால் இஞ்சினுக்குள் எண்ணெய் தனியே இருக்கிறது. அதன் அளவைப் பார்க்க வேண்டும், உரிய காலத்தில் மாற்ற வேண்டும். முப்பது ஆண்டுகள் பழைய வண்டியை ஓட்டிப் பழகிய பெரியவர்கள், "மோபெட்டுக்கு ஏது ஆயில் மாற்றுவது?" என்று பழைய நினைவில் இருந்துவிடுகிறார்கள். எண்ணெய் வற்றி இஞ்சின் இறுகிப்போன பிறகு மெக்கானிக்கைக் குறை கூறிப் பயனில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓட்டுநர் உரிமத்தின் வகைகளைப் பார்த்தால், அங்கே மோபெட் என்று தனி வகை இல்லை. கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்னும் இரண்டே உள்ளன. மோபெட்டும் கியர் இல்லாத ஸ்கூட்டரும் முதல் வகையைச் சேர்ந்தவை. அந்த உரிமம் பெற்றவர் இவ்விரண்டையும் ஓட்டலாம். கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்டக் கூடாது. பதிவு, காப்பீடு, தலைக்கவசம் ஆகிய மூன்றும் பெரிய மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு கட்டாயமோ, மோபெட்டுக்கும் அவ்வளவு கட்டாயம். வயலுக்குத்தானே போகிறோம் என்பது விலக்காகாது. பஞ்சாயத்துச் சாலையும் பொதுச் சாலையே.

வயதைப் பற்றிய குழப்பம் மிகுதி. பதினாறு வயது நிரம்பினால் மோபெட் ஓட்டலாம் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். அதில் ஒரு பாதி உண்மை உண்டு. 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத இஞ்சின் கொண்ட வண்டியைப் பதினாறு வயதினர் உரிமம் பெற்று ஓட்டலாம் என்று சட்டம் கூறுகிறது. பழைய பிப்டிக்கு அது பொருந்தியது. இன்று திண்ணை ஓரத்தில் நிற்கும் வண்டியின் இஞ்சின் அதைப்போல் இரு மடங்கு ஆகையால், அதனை ஓட்டப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் சாவியைக் கொடுத்து, "தம்பி, பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வா" என்று அனுப்பும் தந்தை, 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 199-ஏ பிரிவை அறிந்திருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் குற்றம் புரிந்தால், பெற்றோர் அல்லது வண்டிக்கு உரியவர் குற்றவாளியாகக் கருதப்படுவார். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முயன்றும் நடந்தது என்றோ அவரே நிரூபித்தாலன்றி, மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பையனுக்கும் 25 வயது வரை உரிமம் கிடைக்காது. ஓட்டுநர் வேலையை நம்பியிருக்கும் கிராமத்து இளைஞனுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

காப்பீட்டில்தான் நாம் தொடக்கத்தில் சொன்ன நிலம் விற்கும் அபாயம் இருக்கிறது. மோபெட் மோதி ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, தீர்ப்பாயம் விதிக்கும் நஷ்டஈடு பல லட்ச ரூபாய் ஆகலாம். மோதியது சிறிய வண்டி என்பதற்காக இறந்தவர் குடும்பத்துக்குரிய நஷ்டஈடு குறைவதில்லை. காப்பீடு நடப்பில் இருந்து, ஓட்டியவருக்கு உரிமமும் இருந்தால், அதனைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தும். காப்பீடு இல்லாவிட்டால் வண்டிக்கு உரியவரே செலுத்த வேண்டும். காப்பீடு இருந்து உரிமம் மட்டும் இல்லாவிட்டாலும், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு, அத்தொகையை வண்டிக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2018 செப்டம்பர் முதல் வாங்கிய புதிய இருசக்கர வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டு பலருக்கும் முடிந்துவிட்டது. புதுப்பிக்க வேண்டும் என்னும் நினைவே அவர்களுக்கு இல்லை. வீட்டுக்குச் சென்றதும் அந்தக் காகிதத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதில் செய்யக்கூடியது உண்டு. கிராம சபை கூடும் நாளில் வரவு செலவு, குடிநீர் ஆகியவற்றைப் பேசிய பின், உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டுவோர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். முதலில் யாரும் கை தூக்க மாட்டார்கள். பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று சொல்லத் தொடங்கினால், கூட்டம் கலைந்த பின் பத்துப் பேர் தனியே வந்து விசாரிப்பார்கள். பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும்; பெற்று முப்பது நாள் கழித்து நிரந்தர உரிமத்துக்கான தேர்வுக்குச் செல்லலாம். எழுதப் படிக்கத் தடுமாறுபவருக்கு இணையவழி விண்ணப்பத்தை நிரப்பித் தர ஊரில் படித்த இளைஞர் இருவரை ஏற்பாடு செய்வது பெரிய காரியமன்று. மகளிர் குழுவினரில் பலர் இப்போது மோபெட்டிலேயே சந்தைக்குச் செல்கிறார்கள்; அவர்களை முதலில் அனுப்புங்கள் என்பது நமது யோசனை. ஆண்களை விட அவர்கள் இவ்விஷயத்தில் சுறுசுறுப்பானவர்கள்.

கடைசியாக, மின்கல வண்டிகள். பழைய லூனா 2024 பிப்ரவரியில் மின்கல வண்டியாக மீண்டும் வந்தது. பெட்ரோல் மோபெட் செய்த வேலைகளை இத்தகைய வண்டிகள் இனிச் செய்யக்கூடும். ஆனால், "இதற்கு உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம்" என்று கடைக்காரர் கூறினால் உடனே நம்பிவிட வேண்டாம். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், மின்கலம் நீங்கலான எடை 60 கிலோவுக்கு மேற்படாமலும் உள்ள வண்டிக்கே அந்த விலக்கு உண்டு. இந்த மூன்றும் ஒருங்கே பொருந்த வேண்டும். அவ்வளவு சிறிய மோட்டார் யூரியா மூட்டையை ஏற்றிக்கொண்டு மேடேறாது. மூட்டை ஏற்றும் திறனுள்ள மின்கல வண்டி, உரிமமும் பதிவும் வேண்டும் வண்டியாகவே இருக்கும். எனவே வாங்குமுன் இந்த மூன்று விவரங்களையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மின்கலத்துக்கு மின்சாரம் ஏற்றுவதை வீட்டு இணைப்பில் செய்யுங்கள். பம்பு செட்டுக்கு வழங்கப்பட்ட இலவச விவசாய இணைப்பு நீர் இறைப்பதற்கு உரியது. அதில் வண்டியைச் செருகுவதற்கு அனுமதி இல்லை.